பசிக்கும் இருப்பு: ஹான்ஸ் யோனாஸும் உயிரின் உள்பொருளியலும்

உள்ளது என்று எதைச் சொல்லலாம், உளதாயிருத்தல் என்பதன் பொருள் என்ன என்று ஆராயும் தத்துவத் துறையாகிய உள்பொருளியல், நெடுங்காலம் பழைய நூல்களின் விஷயமாகக் கிடந்தபின், 1920-களில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மீண்டும் முதன்மை பெற்றது. அதே பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்களில் கரு வளர்ச்சியையும் உயிரணுவின் வேதியியலையும் பற்றிய அறிவு ஆண்டுக்காண்டு பெருகிக்கொண்டிருந்தது. ஆயினும் இருப்பைப் பற்றி விரிவுரை ஆற்றியவர்கள், உயிரியலாளரிடம் கேட்டறிய வேண்டியது தமக்கு ஏதும் உண்டென்று பெரும்பாலும் கருதவில்லை. விதிவிலக்குகள் இருந்தன. கடல் முள்ளெலியின் கருக்களைப் பிரித்து ஆராய்ந்து புகழ்பெற்ற ஹான்ஸ் ட்ரீஷ் பின்னாளில் தத்துவப் பேராசிரியரானார். விலங்கியல் பயின்ற ஹெல்முட் பிளெஸ்னர், உயிரிகளின் படிநிலைகளையும் அவற்றில் மனிதனின் இடத்தையும் ஆராய்ந்து 1928-இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த மார்ட்டின் ஹைடெக்கரின் ‘இருப்பும் காலமும்’ எழுப்பிய அலையில் பிளெஸ்னரின் நூல் உரிய கவனத்தைப் பெறவில்லை. 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது அவர் தம் பல்கலைக்கழகப் பணியையும் இழந்தார். இவ்வாறு அறுந்துபோன இழையை, ஹைடெக்கரின் மாணவர்களுள் ஒருவரே, வேறொரு கண்டத்தில், வேறொரு மொழியில், முற்றிலும் வேறான காரணங்களால் மீண்டும் கையில் எடுத்தார் என்பதே ஹான்ஸ் யோனாஸின் கல்விப் பணி வரலாற்றைக் கூர்ந்து பார்க்கத் தூண்டும் செய்தியாகும்.

யோனாஸ் 1903 மே 10 அன்று, ரைன்லாந்து பகுதியின் நெசவுத் தொழில் நகரமான மோன்ஷென்கிளாட்பாக்கில், ஆலை உரிமையாளரான ஒரு யூதரின் மகனாகப் பிறந்தார். 1921-இல் ஃபிரைபுர்க் சென்று எட்மண்ட் ஹுஸ்ஸெர்லிடமும், அப்போது இளம் விரிவுரையாளராக இருந்த ஹைடெக்கரிடமும் பயின்றார். பொருள்கள் உணர்வுக்கு எவ்வாறு தோன்றுகின்றனவோ அவ்வாறே அவற்றை விவரிக்க முயலும் நிகழ்வியல் என்னும் முறையை அங்கே கற்றவர், இடையில் பெர்லினில் யூதவியல் பயின்று, பின்னர் ஹைடெக்கரைத் தொடர்ந்து மார்புர்க் சென்றார். அங்கே புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் ருடால்ஃப் புல்ட்மான் அவருடைய இரண்டாவது ஆசானாகவும், ஹன்னா அரெண்ட் வாழ்நாள் தோழியாகவும் அமைந்தனர். 1928-இல் முடிந்த முனைவர் பட்ட ஆய்வின் பொருள், கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் பரவியிருந்த ஞோஸ்டிக் சமய மரபாகும். இவ்வுலகம் ஒரு கீழான சக்தியின் படைப்பு, மனித ஆன்மா அதற்குள் அந்நியமாக எறியப்பட்டது, இரகசிய ஞானம் ஒன்றே அதை மீட்கும் என்று அம்மரபு நம்பியது.

பாழ்பட்ட ஏடுகளிலிருந்து மறைந்துபோன ஒரு சமயத்தை மீட்டெடுக்கும் இந்தப் பணிக்கும் உயிரியலுக்கும் தொடர்பிருப்பதாக எவரும் அப்போது எண்ணியிருக்க முடியாது. எனினும் யோனாஸின் பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் வேர் அங்கேயே இருக்கிறது. ஹைடெக்கரின் கருத்துகளைத் திறவுகோலாகக் கொண்டு ஞோஸ்டிக் நூல்களைத் திறந்த அவர், பல ஆண்டுகளுக்குப் பின் அத்திறவுகோல் ஏன் அவ்வளவு எளிதாகப் பொருந்தியது என்ற கேள்வியைத் திருப்பிக் கேட்டார். 1952-இல் வெளியான கட்டுரையில் அதற்கு அவர் தந்த விடை, பழைய ஞோஸ்டிக்கும் நவீன இருத்தலியலாளரும் ஒரே அனுபவத்தைப் பேசுகிறார்கள் என்பதாகும்: மனிதன் இயற்கையில் வீடற்றவன் என்னும் அனுபவம். வேறுபாடு ஒன்றுண்டு; ஞோஸ்டிக்குக்கு உலகம் பகை, இருத்தலியலாளருக்கோ இயற்கை மனிதனைப் பற்றி எந்த அக்கறையும் அற்றது. பகையாவது ஓர் உறவு. அக்கறையின்மையில் அந்த உறவும் இல்லை என்பதால் நவீன நிலையே ஆழமான பாழ் என்று யோனாஸ் கருதினார். இயற்கையை இவ்வாறு வெறுமையாக்கியது யார் என்று தேடிச் சென்றபோது அவர் பதினேழாம் நூற்றாண்டை அடைந்தார்; சிந்திக்கும் மனம் ஒருபுறம், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சடம் மறுபுறம் என்று தத்துவவாதி டேக்கார்ட் உலகைப் பிளந்ததும், விலங்குகளையும் உடலையும் சடத்தின் பக்கத்தில் இயந்திரங்களாகத் தள்ளியதுமே அந்தத் தொடக்கம்.

இந்தச் சிந்தனைக்கு நூலகம் மட்டுமே காரணமாக இருந்ததில்லை. 1933-இல் யோனாஸ் ஜெர்மனியை விட்டு வெளியேறியபோது, வெற்றி பெற்ற படையின் வீரனாக அல்லாமல் திரும்புவதில்லை என்று உறுதி பூண்டார். அவருடைய ஆசான் ஹைடெக்கர் அதே ஆண்டில் நாஜிக் கட்சியில் சேர்ந்து ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். லண்டன் வழியாக 1935-இல் பாலஸ்தீனம் சென்ற யோனாஸ், போர் தொடங்கியபின் பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்து 1945 வரை பணியாற்றினார்; கடைசிக் கட்டத்தில் யூதப் படையணியுடன் இத்தாலி வழியாக ஜெர்மனிக்குள் நுழைந்தார். அந்த ஆண்டுகளில் அவரிடம் நூல்கள் இல்லை, ஆய்வேடுகள் இல்லை. முன்னணியிலிருந்து மனைவி லோரேக்கு எழுதிய கடிதங்களிலேயே உயிர் என்றால் என்ன, உடலோடு இருத்தல் என்றால் என்ன என்னும் வினாக்களை அவர் முதன்முறையாகத் தொடர்ச்சியாக வரைந்தார். காயம்படவும் அழியவும் கூடிய உடலே நாள்தோறும் கண்முன் நின்ற சூழலில், உடலைப் பற்றிப் பேசாத தத்துவம் எதையோ தவிர்த்துச் செல்கிறது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. ஹைடெக்கர் மனித இருப்பைக் ‘கவலை’ என்று வரையறுத்தார். ஆனால் கவலைப்பட்டே ஆக வேண்டியதற்கு முதற்காரணம் நாம் உண்டும் உறங்கியும் வாழும் உடல்கள் என்பதே, அந்த உடலைப் பற்றி ஹைடெக்கர் பேசவில்லை என்ற யோனாஸின் பிற்காலக் குற்றச்சாட்டு இக்கடிதங்களின் காலத்திலேயே கருக்கொண்டது. 1945-இல் மோன்ஷென்கிளாட்பாக்கை அடைந்தபோதுதான் தம் தாயார் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டதை அவர் அறிந்தார். அதே பயணத்தில் மார்புர்க்கில் புல்ட்மானைச் சென்று கண்டவர், ஹைடெக்கரைக் காணச் செல்லவில்லை.

போருக்குப்பின் பணித்தேடல் நீண்டது. 1948-இன் அரபு-இஸ்ரேல் போரில் மீண்டும் படைப்பணி, 1949-இல் கனடா, மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகம், பின்னர் ஒட்டாவாவில் கார்ல்டன் கல்லூரி. நாற்பத்தைந்து வயதைக் கடந்தபின், தாய்மொழியை விடுத்து ஆங்கிலத்தில் கற்பிக்கவும் எழுதவும் பழக வேண்டியிருந்த இந்தக் காலத்தைப் பின்னடைவு என்று கொள்வது எளிது. ஆனால் ஒட்டாவாவில் அவருக்கு லுட்விக் ஃபான் பெர்டலான்ஃபியின் நட்பு கிடைத்தது. வியன்னாவிலிருந்து வந்திருந்த இந்த உயிரியலாளர், உயிரியைத் ‘திறந்த அமைப்பு’ என்று விளக்கியவர்; அதாவது பொருளும் ஆற்றலும் இடைவிடாமல் உட்புகுந்து வெளியேறிக்கொண்டிருக்கையிலேயே தன் ஒழுங்கைக் காத்துக்கொள்ளும் அமைப்பு. போர்க்களத்துக் கடிதங்களில் தேடலாக இருந்தது, உயிரியலின் மொழியில் பேசத் தொடங்கியது ஒட்டாவாவில்தான் என்று சொல்வது பொருந்தும். 1955-இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் அவரை அழைத்தது. ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட அறிஞர்களுக்காக 1933-இல் தொடங்கப்பட்ட துறையை உள்ளடக்கிய அந்த நிறுவனத்தில் அவர் 1976 வரை பேராசிரியராக இருந்தார். 1966-இல் வெளிவந்த ‘உயிர் என்னும் நிகழ்வு’ அங்கே பணியாற்றிய ஆண்டுகளில் உருவான நூலாகும்.

அந்நூலின் வரலாற்றுப் பகுதி, மனித சிந்தனையில் புதிராக இருந்தது எது என்ற கேள்வியோடு தொடங்குகிறது. தொல் மனிதருக்கு எங்கும் உயிரே தெரிந்தது. காற்றும் நீரும் மண்ணும் உயிருள்ளவையாக உணரப்பட்ட அவ்வுலகில் விளக்கம் வேண்டி நின்றது சாவு ஒன்றே, ஆகவே ஈமக் கல்லறைகளும் சடங்குகளும் அந்தப் புதிருக்கு அவர்கள் தேடிய விடைகளாயின. மறுமலர்ச்சிக்குப் பிந்தைய அறிவியலில் நிலைமை தலைகீழானது. உயிரற்ற சடமே இயல்பு, அண்டத்தின் பெரும்பகுதி அதுவே. அதனிடையே சிறு திட்டாகத் தோன்றிய உயிர்தான் இப்போது விளக்கம் வேண்டி நிற்கும் விதிவிலக்கு. இவ்விரு நிலைகளுக்கும் நடுவே பாலமாக இருந்தது, உடலை ஆன்மாவின் சிறையாகக் கண்ட இருமைவாதம் என்பது யோனாஸின் கணிப்பு: ஆன்மாவை உலகிலிருந்து உருவியெடுத்த அந்த மரபே, எஞ்சிய உலகை வெறும் சடமாக நோக்கும் பழக்கத்தை மனிதருக்குக் கற்பித்தது. ஞோஸ்டிக் ஆய்வாளர் உயிரியலுக்குள் நுழைந்த வாசல் இதுவே என்பதால், அவர் துறை மாறினார் என்று கூறுவதைவிட ஒரே வினாவை அதன் மறுமுனையிலிருந்து தொடர்ந்தார் என்று கூறுவதே உண்மைக்கு நெருக்கமானது.

கோட்பாட்டின் இதயமாக அவர் நிறுத்தியது மனத்தையன்று, வளர்சிதை மாற்றத்தை. உணவை உட்கொண்டு உடைத்துத் தன்னுடையதாக்கி, கழிவை வெளியேற்றும் இந்த வேதிச் செயலை இயந்திரத்தின் எரிபொருள் நுகர்வோடு ஒப்பிடுவது டேக்கார்ட் காலந்தொட்டு வழக்கமாயிருந்தது. யோனாஸ் அந்த ஒப்புமையின் பிழையைச் சுட்டினார். எரிபொருள் இயந்திரத்தின் வழியே செல்கிறது, ஆனால் இயந்திரத்தின் உருளையும் தண்டும் எரிபொருளால் ஆனவை அல்ல; பட்டினி போட்டால் இயந்திரம் நிற்கும், மீண்டும் ஊற்றினால் ஓடும். உயிரியிலோ உட்புகும் பொருளே உடலாகிறது, உடலாயிருந்ததே வெளியேறுகிறது. ஆகவே இந்தச் செயலைச் செய்யும் பாகங்களும் இந்தச் செயலின் விளைவே. ஒரு கல் இன்றும் நாளையும் அதே கல்லாக இருப்பது அதன் துகள்கள் மாறாததால். ஓர் உயிரி அதே உயிரியாக இருப்பது துகள்கள் மாறிக்கொண்டே இருப்பதால் மட்டுமே. துகள்கள் மாறாது நின்றுவிட்டால் அது இறந்துவிட்டது என்று பொருள். எனவே உயிரியில் உருவம் பொருளிலிருந்து ஒருவகை விடுதலை பெறுகிறது. ஆயினும் அந்த விடுதலை, அடுத்த வேளைப் பொருளைத் தேடிப் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயத்தோடு சேர்ந்தே வருகிறது. இயன்றதைச் செய்யும் ஆற்றலும் செய்தே தீர வேண்டிய தேவையும் ஒரே நாணயத்தின் இருபுறங்களாக அமைந்த இந்த நிலையைத் தேவையோடு பிணைந்த சுதந்திரம் என்று அவர் பெயரிட்டார்.

உள்பொருளியல் இங்கேதான் மாறுகிறது. கல்லைப் பொறுத்தவரை உளதாயிருத்தல் ஒரு நிலை. உயிரியைப் பொறுத்தவரை அது ஒரு வேலை. இல்லாமற்போதல் எந்நேரமும் சாத்தியமாக நிற்பதால், இருத்தல் என்பது உயிரி தன் செயலால் கணந்தோறும் உறுதிப்படுத்திக்கொள்ளும் ஒன்றாகிறது. அவ்வாறு தன்னைக் காத்துக்கொள்ளும் ஒன்றுக்குத் தான், பிறிது என்ற எல்லை உண்டு. தனக்கு நல்லது, கெட்டது என்ற வேறுபாடு உண்டு. எவ்வளவு மங்கலாயினும் ஓர் அகத்தன்மை, அதாவது உள்ளிருந்து உணரப்படும் தன்மை, உண்டு. மனத்தின் முதல் சாயலை மூளையில் தேடாமல், மூளையே இல்லாத ஒற்றை உயிரணுவில் அவர் கண்டது இந்த வாதத்தின் வழியாகத்தான். யோனாஸ் எழுதியவற்றுள் காலத்தால் மிகக் குறைவாகவே தேய்ந்த பகுதி இது.

அங்கிருந்து விலங்குக்கு ஏறும் படியை அவர் விளக்கும் முறை எளிமையும் ஆழமும் கொண்டது. செடியின் வேர் தன் உணவைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது. தேவைக்கும் நிறைவுக்கும் இடையே அதற்கு இடைவெளி இல்லை. விலங்கின் உணவு தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவைக் கடக்க அசைவு வேண்டும்; எத்திசையில் அசைவது என்றறியப் புலனறிவு வேண்டும்; அடையும்வரை முயற்சி தளராதிருக்க விருப்பம் வேண்டும். ஆகவே ஓட்டமும் பார்வையும் வேட்கையும் தனித்தனியே வந்து ஒட்டிக்கொண்ட திறன்களல்ல, இடத்திலும் காலத்திலும் திறந்த ஒரே இடைவெளியின் மூன்று முகங்கள். அச்சமும் ஏமாற்றமும் துன்பமும் அந்த இடைவெளியின் விலை. மனிதனில் இடைவெளி இன்னும் விரிகிறது: தோற்றத்தைப் பொருளிலிருந்து பிரித்து அதை மட்டும் சுவரில் வரையத் தெரிந்த உயிரி, பொய்யையும் உண்மையையும் வேறுபடுத்தி நினைக்கவும் தெரிந்த உயிரி. கருவி செய்தலையோ பேச்சையோ விடுத்து, படம் வரைதலை மனிதனின் அடையாளமாக யோனாஸ் தேர்ந்தார். பயனற்ற ஒரு கீறல்கூட, அது ஒன்றைப் போல இருக்குமாறு கீறப்பட்டது எனில், அதைக் கீறியவன் மனிதனே என்பதற்குப் போதிய சான்று என்பது அவர் வாதம்.

டார்வினை அவர் வாசித்த முறையும் கவனத்துக்குரியது. பரிணாமக் கொள்கை மனிதனை விலங்கின் நிலைக்கு இறக்கியது என்று ஒரு தரப்பு வருந்தியது, மறு தரப்பு மகிழ்ந்தது. யோனாஸ் கணக்கை மறுபுறமிருந்து பார்த்தார். மனிதன் விலங்குகளின் உறவினன் என்றால் விலங்குகளும் மனிதனின் உறவினர்களே. மனிதனில் ஐயமின்றி இருக்கும் அகத்தன்மை ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே திடீரென முளைத்திருக்க முடியாது எனில், அதன் படிகள் கீழே இறங்கிச் செல்ல வேண்டும். இவ்வாறு, சடவாதத்தின் வெற்றி எனக் கருதப்பட்ட கொள்கையே டேக்கார்ட்டின் பிளவை உள்ளிருந்து தகர்த்தது.

இந்த நிலையிலிருந்து அவர் தம் காலத்துப் புதிய அறிவியல் ஒன்றையும் எதிர்கொண்டார். 1943-இல் ரோசன்புளூத், வீனர், பிகெலோ மூவரும் எழுதிய கட்டுரை, பின்னூட்டம் உள்ள இயந்திரங்களுக்கும் நோக்கம் உண்டு என்று கூறியது. பின்னூட்டம் என்பது ஒரு கருவி தன் செயலின் விளைவை அளந்து அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதாகும். இலக்கைத் தேடிச் செல்லும் டார்பிடோ இதற்குத் தக்க உதாரணம். இக்கருத்திலிருந்து வளர்ந்த சைபர்நெட்டிக்ஸ் துறையை யோனாஸ் 1953-இல் விரிவாக விமரிசித்தார். ஒரு நோக்கத்துக்குப் பயன்படுவது வேறு, ஒரு நோக்கத்தைக் கொண்டிருப்பது வேறு. டார்பிடோ இலக்கைத் தவறவிட்டால் ஏமாறுவது அதை ஏவியவரேயன்றி டார்பிடோ அன்று. இரையைத் தவறவிட்ட விலங்கோ பசியோடு இருக்கிறது. புலனும் அசைவும் மட்டும் கொண்டு விலங்கின் மாதிரியைக் கட்டியவர்கள், அவ்விரண்டையும் இயக்கும் மூன்றாவதான தேவையை விட்டுவிட்டார்கள் என்ற இந்தக் கண்டனம், சிந்திக்கும் கணினிகளைப் பற்றிய இன்றைய விவாதங்களிலும் தன் கூர்மையை இழக்கவில்லை.

தத்துவம் மருத்துவமனைக்குள் நுழைந்த தருணம் 1968-இல் வந்தது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு ஒன்று, மீளாத ஆழ்மயக்கத்தில் மூளையின் செயல் நின்றுவிட்டதைச் சாவின் புதிய வரையறையாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. மூளைச்சாவு என்று இன்று வழங்கும் கருத்து அதிலிருந்தே பரவியது. அத்தகைய நோயாளியின் செயற்கைச் சுவாசக் கருவியை நிறுத்தி இயல்பாக இறக்க விடுவதை யோனாஸ் எதிர்க்கவில்லை. அவர் எதிர்த்தது, சுவாசமும் இரத்த ஓட்டமும் கருவியால் தொடர்ந்துகொண்டிருக்கும் உடலைப் பிணம் என்று அறிவித்து, உறுப்புகளை எடுப்பதற்காகவே அந்த நிலையில் வைத்திருப்பதை. உயிருக்கும் சாவுக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்று உறுதியாகத் தெரியாதபோது, பயனை முன்னிட்டு அக்கோட்டை வரையக்கூடாது என்றார். ஆளை மூளையில் மட்டும் வைத்துவிட்டு எஞ்சிய உடலை வெறும் கருவியாகக் காண்பதில் பழைய இருமைவாதமே வேறு வேடத்தில் திரும்பியதாக அவர் கண்டார். மருத்துவ உலகம் அவர் சொல்லை ஏற்கவில்லை. இருப்பினும், வளர்சிதை மாற்றத்தைப் பற்றிய ஒரு கோட்பாடு படுக்கையில் கிடக்கும் ஒருவரின் உரிமையைப் பற்றிய கோட்பாடாகவும் இருக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த வாதம் வெளிக்கொணர்ந்தது.

1979-இல், எழுபத்தைந்து வயதைக் கடந்தபின், அவர் மீண்டும் ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்ட ‘பொறுப்பு என்னும் நெறி’, தொழில்நுட்பத்தின் ஆற்றல் எதிர்காலத் தலைமுறைகளையே அழிக்கக்கூடிய அளவுக்கு வளர்ந்துவிட்ட காலத்துக்கான அறநூலாகப் பெரும்புகழ் பெற்று, 1987-இல் ஜெர்மன் நூல் வணிகத்தின் அமைதிப் பரிசைப் பெற்றுத் தந்தது. அதன் பகுதியாகத் திட்டமிடப்பட்டுப் பின் தனிநூலாக 1981-இல் வெளிவந்த, மனத்தின் வலிமையையும் வலுவின்மையையும் ஆராயும் சிறுநூல் அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோனது வருந்தத்தக்கது. மனம் மூளையின் வேதிவினைகளோடு தோன்றும் துணைவிளைவு மட்டுமே, அது எதையும் நிகழ்த்துவதில்லை என்னும் கொள்கையை அந்நூல் எதிர்கொள்கிறது. 1840-களில் பெர்லினில் எமில் டு போய்ஸ்-ரேமோன், எர்ன்ஸ்ட் புரூக்கே என்னும் இளம் உடலியலாளர் இருவர், உயிரியில் இயற்பியல், வேதியியல் விசைகளைத் தவிர வேறெதுவும் செயல்படுவதில்லை என்ற உண்மையை நிலைநாட்டுவதாகத் தமக்குள் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். யோனாஸ் இந்த நிகழ்ச்சியை நுணுக்கமாகப் பற்றிக்கொள்கிறார்: உறுதிமொழி எடுப்பவர், தம் எதிர்கால நடத்தையைத் தம் எண்ணம் ஆளும் என்று நம்புகிறார், எந்த முடிவை நிலைநாட்ட உறுதி கூறப்பட்டதோ, அந்த முடிவு உண்மையானால் உறுதி கூறுதல் என்ற செயலுக்கே பொருளில்லை. மேலும், எதையும் நிகழ்த்தாத ஒன்றை இயற்கை ஏன் இவ்வளவு செலவில் உண்டாக்க வேண்டும் என்ற கேள்விக்கும் அக்கொள்கையிடம் விடையில்லை. இயற்பியல் விதிகளை மீறாமல் மனம் உடலை இயக்குவது எவ்வாறு இயலும் என்று காட்ட, குவாண்டம் இயற்பியலின் துணையோடு அவர் அமைத்த மாதிரி, வாதத்தின் முந்தைய பகுதிக்கு நிகரான வலுவுடையதன்று. ஓர் ஊகம் என்ற அளவிலேயே அது நிற்கிறது.

யோனாஸின் அணுகுமுறைக்கு எதிராக எழுந்த ஆட்சேபங்களுள் முதன்மையானது, மனிதன் தன் உள்ளத்தில் காண்பதை உயிரணுவின்மேல் ஏற்றிச் சொல்கிறார் என்பது. இதை அவர் மறைக்கவில்லை. உயிரை உயிரே அறிய முடியும், உடலற்ற தூய கணித அறிவாகக் கடவுள் இருந்தால் அமீபாவில் துகள்களின் ஓட்டத்தைக் காண்பாரேயன்றி உயிரைக் காணமாட்டார் என்று 1951-லேயே எழுதியவர் அவர். உடலோடு இருப்பதன் அனுபவம் ஒரு தப்பெண்ணமன்று, அதுவும் சான்றுகளுள் ஒன்றே என்பதுதான் அவர் நிலை. அதை ஏற்பதா என்பதில் தத்துவவாதிகள் இன்றும் பிரிந்தே நிற்கின்றனர்.

யோனாஸ் 1993 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கை அடுத்த நியூ ரோஷெலில் காலமானார். அதற்குப்பின் அவருடைய உயிர்த் தத்துவத்தைத் தேடி வந்தவர்கள் தத்துவத் துறையினரைவிட அறிதல் அறிவியலாளர்களே. சிலே நாட்டு உயிரியலாளர் ஃபிரான்சிஸ்கோ வரேலா, 1970-களில் உம்பெர்டோ மதுரானாவுடன் சேர்ந்து, உயிரி என்பது தன்னைத்தானே உண்டாக்கிக்கொள்ளும் அமைப்பு என்ற கொள்கையை வகுத்தபோது, அதில் நோக்கம் என்ற கருத்துக்கு இடமே இல்லை என்று வலியுறுத்தியிருந்தார். 2001-இல் அவர் இறந்தார்; ஆண்ட்ரியாஸ் வேபருடன் இணைந்து எழுதி மறு ஆண்டு வெளியான கட்டுரையில், யோனாஸை நெருங்கி வாசித்ததன் விளைவாக, அந்த மறுப்பு திரும்பப் பெறப்பட்டு, தன்னை உண்டாக்கிக்கொள்ளும் அமைப்புக்கு உள்ளார்ந்த நோக்கம் உண்டென்று ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. எவான் தாம்சன் 2007-இல் வெளியிட்ட ‘உயிரில் மனம்’ அந்த வழியில் மேலும் சென்றது. சர்க்கரைச் செறிவு மிகுந்த திசை நோக்கி நீந்தும் பாக்டீரியா, இந்தப் புதிய வாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது: சர்க்கரை உணவாவது அதன் வேதி அமைப்பால் மட்டுமல்ல, அதை வேண்டி நிற்கும் ஓர் உயிரி இருப்பதால் என்பர் ஒரு சாரார், வேதி ஏற்பிகளும் சுழலும் நீளிழைகளும் கொண்டு அந்த நீச்சலை முழுமையாக விளக்கியபின் வேண்டுதலுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பர் மறுசாரார்.